செட்டில் பண்ணியாச்சு என்கிறார்கள்: எதை, யாரோடு, எந்தத் தாளில்?

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 33 வயதுத் தம்பி ஒருவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், கம்பெனி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் 9 வருஷம் 8 மாசம் வேலை பார்த்திருக்கிறார். 2025 ஜூலையில் ராஜினாமா செய்தபோது ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 62,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். இப்போது ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள். போகிற வீட்டிலெல்லாம் "பையன் செட்டில் ஆகிட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்காக 68 வயது அப்பா தன்னிடம் இருக்கும் 2 ஏக்கர் 40 சென்ட் நிலம் மொத்தத்தையும் இவர் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவைக்கிறேன் என்கிறார், அடுத்த மாசம் 10-ம் தேதி பத்திர ஆபீசுக்குப் போவதாக ஏற்பாடு. பர்கூர் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்கா இதைக் கேள்விப்பட்டு, எனக்கும் பங்கு உண்டு என்கிறார். "அவளுக்குத்தான் கல்யாணத்திலேயே செட்டில் பண்ணியாச்சே" என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள்.

கடிதத்தின் கடைசிப் பத்தியை அப்படியே தருகிறேன், ஏனென்றால் முழுக் கேள்வியும் அதில்தான் இருக்கிறது. "ஐயா, இந்த ஒரே வார்த்தை நாலு பக்கமும் என்னைச் சுத்துது. டிக்‌ஷனரியில பார்த்தா பத்துப் பதினஞ்சு அர்த்தம் போட்டிருக்கு. கம்பெனியில செட்டில்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தமா? அப்பா எழுதுறதும் அதே செட்டில்தானா? பொண்ணு வீட்டுக்குக் காட்டுறதுக்காக இப்ப எழுதிட்டு, கல்யாணம் முடிஞ்சதும் ரத்து பண்ணிக்கலாம்னு மாமா சொல்றார். அது சரியா?"

தம்பி, உங்கள் மாமா சொன்னது சரியில்லை. மற்றதெல்லாம் காத்திருக்கலாம், இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரி கோர்ட்டில் இருபது வருஷத்துக்கும் மேலாகத் தொழில் செய்கிறேன். பதிவான செட்டில்மென்ட் பத்திரத்தை உயில் மாதிரி நினைத்து எழுதிவிட்டு, அப்புறம் திரும்ப வாங்க முடியாமல் அழுத பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காரணத்தைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்ட வார்த்தைக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் வீட்டுக் குழப்பத்தில் பாதி அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் செட்டில் என்கிற வினைச்சொல்லின் வேர் 'உட்காரும் இடம், இருக்கை' என்று பொருள்படும் ஒரு பழைய சொல். அலைந்துகொண்டிருந்தது ஓரிடத்தில் உட்காருவது, அதுதான் அடிப்படை. ஏரியிலிருந்து மொண்டு வந்த கலங்கல் தண்ணீரைக் குடத்தில் ஊற்றி ராத்திரி முழுக்க ஆடாமல் வைத்தால் காலையில் மண்டி அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்திருக்கும் இல்லையா, அந்தப் படிவதற்கும் ஆங்கிலத்தில் செட்டில்தான். கிளையில் குருவி வந்து உட்கார்ந்தாலும் அதே சொல், புதுவீட்டு அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கினாலும் அதே சொல். வெளியூர்க்காரர்கள் ஓரிடத்துக்கு வந்து குடியேறினால் அதுவும் செட்டில். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு பில்லுக்குப் பணம் கொடுத்தால் செட்டில், இரண்டு பேர் சண்டையைப் பேசி முடித்தால் செட்டில், இன்ன தேதி இன்ன விலை என்று முடிவு செய்தாலும் செட்டில். சொத்தை ஒருவர் பேரில் எழுதிவைப்பதற்கும் சட்ட மொழியில் இதே சொல். அப்புறம் செட்டில் ஃபார் என்று 'ஃபார்' சேர்த்துச் சொன்னால் அர்த்தமே வேறு திசைக்குப் போய்விடும்: நாம் கேட்டது கிடைக்கவில்லை, கிடைத்த குறைவுக்கு ஒத்துக்கொண்டோம் என்று பொருள்.

நம் தமிழில் இத்தனைக்கும் தனித்தனி வினை இருக்கிறது. படிதல், தெளிதல், குடியேறுதல், தீர்த்தல், கணக்கு முடித்தல், எழுதிக்கொடுத்தல், ஒத்துக்கொள்ளுதல். அதையெல்லாம் விட்டுவிட்டு நாம் செட்டிலை எடுத்து அதோடு இரண்டு தமிழ் வினையை ஒட்டிவைத்திருக்கிறோம், 'ஆகு' ஒன்று, 'பண்ணு' ஒன்று. "பையன் பெங்களூர்ல செட்டில் ஆயிட்டான்" என்றால் அவனே போய் நிலைத்துவிட்டான். "கணக்கை செட்டில் பண்ணிட்டோம்" என்றால் யாரோ ஒருவர் இன்னொருவருக்கு எதையோ செய்திருக்கிறார். இதில் 'பண்ணு' வரும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும். பண்ணியது யார், யாருக்கு, எதை, எவ்வளவு என்று நாலு கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது, ஆனால் 'செட்டில் பண்ணியாச்சு' என்று சொல்லிவிட்டால் கேட்கிறவர் அந்த நாலையும் கேட்க மாட்டார். முடிந்த காரியம் மாதிரி காதில் விழுந்துவிடும்.

இன்னொன்று, நம் மண்ணுக்கு இந்த வார்த்தை புதிதும் இல்லை. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து நம் பகுதியான பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினிக் கைக்கு வந்தபோது கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே வந்து நிலத்தை அளந்து, இடையில் ஜமீன் யாரும் இல்லாமல் ஒவ்வொரு விவசாயியோடும் நேரடியாக வரி பேசி முடித்தார்கள். மன்றோ தர்மபுரியிலேயே தங்கியிருந்து வேலை பார்த்தவர். ரயத்துவாரி என்று படித்திருப்பீர்கள், அந்த வரி நிர்ணயத்துக்கு அவர்கள் வைத்த பெயரும் செட்டில்மென்ட்தான். அதனால் தாத்தா காலத்துக் காகிதக் கட்டில் 'செட்டில்மென்ட்' என்று ஏதாவது கண்ணில் பட்டால், அது யாரோ யாருக்கோ எழுதிக்கொடுத்த பத்திரம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அரசாங்கம் வரி போட்ட பதிவாகவும் இருக்கலாம். இந்தக் குழப்பத்தோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

கம்பெனி கொடுத்த தாள்

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சம்பள பாக்கி, எடுக்காத விடுப்புக்குப் பணம், போனஸ், கடைசியில் எக்ஸ்கிரேஷியா 30,000 என்று நாலு வரி. கீழே, எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்கிற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி, அதன் கீழ் உங்கள் கையெழுத்து. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எக்ஸ்கிரேஷியாவைத்தான் கிராஜுட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். காதுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் எக்ஸ்கிரேஷியா என்றால் கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லாமல் கம்பெனி விருப்பப்பட்டுக் கொடுப்பது. கிராஜுட்டி என்கிற பணிக்கொடை சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. அந்தத் தாளில் கிராஜுட்டி என்கிற வரியே இல்லை, தம்பி.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்றுதான் பயப்படுகிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், செட்டில் என்ற சொல்லுக்கே 'எல்லாம் முடிந்தது' என்று அர்த்தம் இருந்தால் அதற்கு முன்னால் ஃபுல் அண்ட் ஃபைனல் என்று இரண்டு வார்த்தை எதற்கு? வெறும் செட்டில்மென்ட் அந்த வேலையைச் செய்யாது என்பதால்தான் சேர்க்கிறார்கள். அந்த இரண்டைச் சேர்த்தாலும், சட்டம் நேராகக் கொடுத்திருக்கும் உரிமையை ஒரு கையெழுத்தால் அழிக்க முடியாது. 1972-ம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டத்தின் 14-வது பிரிவு, அந்தச் சட்டத்துக்கு முரணாக எந்த ஒப்பந்தம் இருந்தாலும் சட்டம்தான் நிற்கும் என்று சொல்கிறது. (அந்தச் சட்டத்தை இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், ஆனால் நீங்கள் வெளியே வந்தது அதற்கு முன்னால், ஜூலையில். அதனால் உங்களுக்குப் பழைய சட்டக் கணக்கு.) ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவர் ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு. தானாக ராஜினாமா செய்தால் கிடைக்காது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அது தவறு.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். கடைசி மாசத்து அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 700. வருஷத்துக்கு 15 நாள் வீதம் 10,500. உங்கள் சர்வீஸ் 9 வருஷம் 8 மாசம், ஆறு மாசத்துக்கு மேல் இருந்தால் அதை முழு வருஷமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, ஆகவே 10 வருஷம். மொத்தம் 1,05,000 ரூபாய். கம்பெனி கொடுத்த 62,000-க்கு மேல் இது தனி.

செய்ய வேண்டியது இதுதான். படிவம் 'ஐ' என்று ஒன்று உண்டு, அதில் பூர்த்தி செய்து பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு கம்பெனிக்கு அனுப்புங்கள். வேலையை விட்ட 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று இருந்தாலும், தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ள முடியாது என்று விதியிலேயே இருக்கிறது, தாமதத்துக்கு உண்மையான காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். கொடுக்க மறுத்தாலோ பதிலே இல்லாமல் போனாலோ தொழிலாளர் துறையில் இதற்கென்று இருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு போடலாம். அதற்கு 90 நாள் கணக்கு உண்டு, அதனால் சும்மா இருந்துவிடாதீர்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும்: சம்பளக் கணக்கில் பேரம் பேசி முடித்துக்கொண்ட மற்ற விஷயங்களை, உதாரணமாக நீங்கள் எழுதியிருக்கும் இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) பாக்கியை, இந்தத் தாளைக் காட்டி கம்பெனி மறுக்கலாம், அதில் உங்கள் பக்கம் அவ்வளவு பலமில்லை. அதைப் பிடித்துக்கொண்டு இழுக்காமல் பணிக்கொடையைக் கேட்டு வாங்குங்கள்.

பி.எஃப். பணத்துக்கும் இந்தத் தாளுக்கும் சம்பந்தமே கிடையாது. அது உங்கள் பெயரில் வேறு இடத்தில் இருக்கும் கணக்கு. ஆனால் கடை செலவுக்காக பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே நில்லுங்கள். பென்ஷன் திட்டத்திலும் ஆறு மாசமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு வருஷம் என்று கணக்கு, 9 வருஷம் 6 மாசம் கட்டியிருந்தாலே 10 வருஷமாகிவிடும். பத்து வருஷம் ஆனவர் அந்தப் பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது, 58 வயதில் மாதப் பென்ஷனுக்குத் தகுதி வந்துவிடுகிறது. வேலை பார்த்த அத்தனை மாசத்துக்கும் பணம் கட்டியிருக்கிறார்களா என்று பாஸ்புக்கில் மாசம் மாசமாகச் சரிபாருங்கள். நடுவில் மூணு மாசம் விட்டிருந்தால்கூட உங்கள் கணக்கு மாறிவிடும்.

அப்பா எழுதப்போகும் செட்டில்மென்ட்

இது முழுக்க வேறு செட்டில். 1899-ம் வருஷத்து இந்திய முத்திரைச் சட்டத்தில் இதற்கு விளக்கமே இருக்கிறது: உயில் அல்லாமல், எழுத்தில், ஒருவர் தன் சொத்தைக் கல்யாணத்தை முன்னிட்டோ, குடும்பத்தாருக்குப் பிரித்துக்கொடுக்கவோ, தன்னை நம்பி இருப்பவருக்கு வழி செய்யவோ, தர்ம காரியத்துக்கோ எழுதிக்கொடுப்பது. 'உயில் அல்லாமல்' என்கிற வார்த்தையைத்தான் உங்கள் மாமா கவனிக்கவில்லை. உயில் எழுதியவர் கண்மூடிய பிறகுதான் உயிர் பெறும், அதுவரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் பதிவாகி நீங்கள் ஏற்றுக்கொண்ட அந்த நாளிலேயே நிலம் உங்களுடையது. அப்பா அப்புறம் தனியாகப் பத்திர ஆபீசுக்குப் போய் ரத்துப் பத்திரம் போட முடியாது, சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-லும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்திரத்திலேயே நிபந்தனை எழுதி ரத்து செய்யும் வழி வைத்திருந்தாலோ, ஏமாற்றி எழுதி வாங்கினார்கள் என்று கோர்ட்டில் நிரூபித்தாலோதான் கதை வேறு.

சரி, கல்யாணத்துக்கு அப்புறம் நானே அப்பாவுக்குத் திருப்பி எழுதிக்கொடுத்துவிடுகிறேன் என்பீர்கள். எழுதலாம். ஆனால் போகும்போதும் வரும்போதும் செலவு. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 1, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 1. 2023 ஜூலையிலிருந்து இவற்றின் உச்சவரம்பு 40,000-மும் 10,000-மும், பதிவுக்குப் போகும் நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். செலவைவிடப் பெரிய விஷயம் இரண்டு இருக்கிறது. நடுவில் நிலம் உங்கள் பேரில் இருக்கும்போது கடைக்கு வாங்கிய கடன் நின்றுபோனால் கடன்காரர் அந்த நிலத்தின் மேல் வருவார். அடுத்தது, நிலம் இருக்கிறது என்று நம்பித்தான் ஒரு பெண் உங்கள் வீட்டுக்கு வருகிறாள். அவள் வந்து ஒரு மாசத்தில் அந்தப் பத்திரம் திரும்பிப் போனால் அது ஏமாற்று இல்லாமல் வேறென்ன? பொய்யில் தொடங்கும் கல்யாணம் என் மேஜைக்கு வழக்காக வந்து சேர்வதை நான் பார்க்காமலா இருக்கிறேன். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

உங்கள் அப்பா என்னிடம் எதையும் கேட்கவில்லை, ஆனால் அவருக்காகவும் பேசியாக வேண்டும். 68 வயதில் கைவசம் இருக்கும் கடைசிச் சென்ட் வரை எழுதிக்கொடுத்துவிட்டு அவரும் அம்மாவும் எதை வைத்து உட்காருவார்கள்? உங்கள் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. நாளைக்கு உங்களுக்கே ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எழுதுவதாக இருந்தால் பத்திரத்தில் இரண்டு விஷயம் இருக்கட்டும். அப்பா, அம்மா இருவரும் உயிரோடு இருக்கும்வரை நிலத்தை அனுபவிக்கும் உரிமை அவர்களுக்கு என்று ஒன்று. அவர்களுடைய சாப்பாடு, வைத்தியம், இருப்பிடம் எல்லாவற்றையும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனையாக இன்னொன்று. 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு, பிள்ளை பார்த்துக்கொள்ளாமல் போனால் எழுதிக்கொடுத்ததைச் செல்லாததாக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் பத்திரத்தில் அந்த நிபந்தனை இருக்கிறதா என்பதை 2022-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமாகப் பார்த்தது, 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு பெரியவர்களுக்குச் சாதகமாகக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தது. எப்படிப் பார்த்தாலும் எழுதிவைத்துவிட்டால் சண்டைக்கே இடமில்லை. "அன்பின் காரணமாக" என்று மட்டும் டைப் அடித்து முடித்துவிட வேண்டாம் என்று பத்திரம் எழுதுபவரிடம் சொல்லுங்கள்.

அக்காவுக்கு 'செட்டில் பண்ணியாச்சா'?

இங்கேதான் உங்கள் வீட்டில் எல்லாருமே தவறான இடத்தில் நின்று சண்டை போடுகிறீர்கள். நிலத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். 1 ஏக்கர் 30 சென்ட், அப்பா 1996-ல் தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியது. 1 ஏக்கர் 10 சென்ட், 1994-ல் இறந்த தாத்தா வழியில் வந்தது. நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

அப்பா வாங்கிய 1.30-ஐ அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அக்கா அதைத் தடுக்க முடியாது, நீங்களும் எனக்குத்தான் எழுத வேண்டும் என்று கேட்க முடியாது. இதில் பேச வேறெதுவும் இல்லை.

தாத்தாவின் 1.10-ல்தான் விஷயம். தாத்தா சொத்து என்றாலே பூர்வீகம், அதில் பேரனுக்குப் பிறப்பிலேயே பங்கு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அது எப்போதும் சரியில்லை. தாத்தா அதைத் தானே வாங்கியிருந்து, உயில் எழுதாமல் 1994-ல் இறந்திருந்தால், 1956-ம் வருஷத்துச் சட்டப்படி அது அன்றைக்கே பாட்டி, அப்பா, அத்தை மூன்று பேருக்கும் சமமாகப் போய்விட்டது. பாட்டியும் உயில் எழுதாமல் காலமானதால் அவர் பங்கு மறுபடி அப்பாவுக்கும் அத்தைக்கும். ஆக அப்பாவுக்கு 55 சென்ட், காரிமங்கலத்தில் இருக்கும் உங்கள் அத்தைக்கு 55 சென்ட். இந்தக் கணக்கில் அப்பா இருக்கும்வரை உங்களுக்கும் பங்கில்லை, அக்காவுக்கும் பங்கில்லை. நீங்கள் அக்காவின் கையெழுத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறீர்கள், உண்மையில் தேவைப்படுவது நாலு பக்கக் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில் நீங்கள் பெயருக்குக் குறிப்பிட்ட அத்தையின் கையெழுத்து. பட்டா அப்பா பேரில் இருக்கிறதே என்பீர்கள், பட்டா வருவாய்த் துறைப் பதிவுதான், அத்தையின் பங்கை அது அழித்துவிடாது.

அந்த நிலம் தாத்தாவுக்கே அவருடைய அப்பா வழியில் வந்த கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்தால் கணக்கு மாறும். அப்போது அக்கா உங்களுக்குச் சமமான பங்குதாரர். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு கொடுத்துவிட்டது, கல்யாணம் ஆனவரா ஆகாதவரா என்று அது பார்ப்பதில்லை, 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. அப்பா ஒருவராக அந்த நிலத்தை உங்கள் பேருக்கு எழுதித் தரவும் முடியாது. ஆகவே இரண்டில் எது என்று தெரிய மூலப்பத்திரம் வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் முடிந்தவரை பழைய வருஷத்திலிருந்து போட்டு எடுங்கள். கிடைக்காத பழைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனு கொடுங்கள்.

இப்போது அந்த 'செட்டில் பண்ணியாச்சு'. 2012-ல் அக்காவுக்குப் பதினைந்து பவுனும் பீரோ கட்டிலும் கொடுத்தீர்கள், கல்யாணச் செலவு அப்பா தலையில் விழுந்தது, அதில் அவர் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கல்யாணச் சீர் பாகப்பிரிவினை ஆகாது. பங்கு இருக்கிற ஒருவர் அதை விட்டுக்கொடுத்தார் என்று சொல்ல, அவரே முழு மனதோடு பதிவு செய்து கொடுத்த விடுதலைப் பத்திரம் வேண்டும். வீட்டில் பத்து வருஷத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததால் ஒரு வார்த்தை பத்திரமாகிவிடாது. அப்படியே அக்கா கையெழுத்துப் போட முன்வந்தாலும், படித்துக்காட்டி, எதை விட்டுக்கொடுக்கிறார் என்று சென்ட் கணக்கோடு சொல்லி, அப்புறம்தான் வாங்க வேண்டும். சில வருஷம் முன்னால் ஒரு அம்மா என் ஆபீசுக்கு வந்து விடுதலைப் பத்திர நகலை விரித்து, "எம் பேருக்கு செட்டில் ஆயிருக்குன்னு சொல்லித்தான் கைநாட்டு வாங்கினாங்க சார், எந்தப் பக்கம் எம் பங்கு இருக்குன்னு காட்டுங்க" என்று கேட்டார். நான் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் அக்கா அந்த இடத்தில் உட்காரக் கூடாது.

பேசித் தீர்க்க முடியாமல் போனாலும் நேரே வழக்குக்குப் போக வேண்டியதில்லை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குப் போடும் முன்னாலேயே லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசி முடிக்கலாம். அங்கே முடிவது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் அங்கே 'செட்டில்' என்று கையெழுத்துப் போடும்போது நன்றாக யோசித்துப் போட வேண்டும், அங்கே போடுவது உண்மையிலேயே முடிந்துவிடும். அக்கா, அத்தை இருவரும் பெண்கள் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உதவிக்குத் தகுதி உள்ளவர்கள். 15100 என்கிற எண்ணுக்கு அழைத்தால் விவரம் சொல்வார்கள். இதை அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள்.

பெண் வீட்டாரின் கேள்வி

இதற்கு வக்கீலாகப் பதில் சொல்ல முடியாது, வயதில் மூத்தவனாகச் சொல்கிறேன். "செட்டில் ஆகிட்டாரா" என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, எங்கள் பெண் சோற்றுக்குக் கவலைப்படாமல் இருப்பாளா என்பதைத்தான். நிலப்பத்திரம் அதற்கு ஒரு பதில், ஒரே பதில் இல்லை. இந்த வறண்ட பூமியில் எந்தக் கிராமத்திலும் போர் மோட்டார் எரியாத வாரம் கிடையாது, காயில் கட்டத் தெரிந்தவன் கை சும்மா இருப்பதும் கிடையாது. மாசம் 25,000-த்திலிருந்து 30,000 வரை வருகிறது, வெயில் காலத்தில் அதிகம், மழைக்காலத்தில் குறையும் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே அவர்களிடம் சொல்லுங்கள். கடைக்கு வாங்கிய கடன் எவ்வளவு, எத்தனை தவணை பாக்கி என்பதையும் சொல்லுங்கள். பணிக்கொடை வந்தால் அதில் கடனை அடைக்கப்போகிறேன் என்று சொல்லலாம், வந்த பிறகு.

"கம்பெனி வேலையை விட்டுட்டு இதுக்கு செட்டில் ஆயிட்டேனோன்னு ராத்திரியில் தோணுது" என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள், அடித்தாலும் படிக்க முடிந்தது. அது ஆங்கிலத்தின் அந்த 'செட்டில் ஃபார்', குறைவுக்கு ஒத்துக்கொள்வது. ஆனால் அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், எரிந்துபோன ஏழரை எச்.பி. மோட்டாரை ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிக்கொடுத்து விடிகாலையில் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ந்ததை அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். கம்பெனியில் பார்த்த பத்து வருஷத்தைப் பற்றி இரண்டே வரிதான்.

10-ம் தேதி பத்திர ஆபீசுக்குப் போக வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு காரிமங்கலம் போய் அத்தையைப் பாருங்கள், மூலப்பத்திரம் அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் ஆச்சரியமில்லை. போகிற வழியில் அக்காவுக்குப் போன் பண்ணி, கல்யாணத்தில் செட்டில் பண்ணியாச்சு என்று சொன்னது தப்பு என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய தபாலை மட்டும் திங்கட்கிழமை தாண்ட விடாதீர்கள்.